மணி தப்பாகக் காட்டிய சிஸ்டம்

மண்டபத்தில் எங்கள் கடையிலிருந்து வடக்கே நடந்தாலும் கடல், தெற்கே நடந்தாலும் கடல். ஊரில் வடகடல், தென்கடல் என்பார்கள். வரைபடத்தில் பாக் விரிகுடா, மன்னார் வளைகுடா. கச்சான் வீசும் மாதங்களில் தெற்கேயிருந்து உப்பு வரும். வாடை திரும்பினால் வடக்கேயிருந்து வரும். ஷட்டர் பூட்டும் ஜன்னல் கம்பியும் சைக்கிள் செயினும் துருப்பிடிப்பதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்தவள்தான் நான். ஆனாலும் மேசைக்கு அடியில் இருக்கும் சிஸ்டத்தையும் அதே காற்றுதான் தின்கிறது என்பது உறைக்கப் பல வருடம் ஆனது.

ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், ரயில் டிக்கெட், மனு தட்டச்சு, இவைதான் கடையின் வேலை. இரண்டு டெஸ்க்டாப். வருடத்தில் மிகவும் நெருக்கடியான நாட்கள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாததால் ஆண்கள் கரையில் இருப்பார்கள். வங்கிக் கணக்குத் திருத்தம், நிவாரணம் வந்ததா என்ற விசாரிப்பு, பிள்ளைகளின் கல்லூரி விண்ணப்பம் என்று காலையிலேயே வரிசை நிற்கும். அப்படி ஒரு ஏப்ரலில்தான் முதல் சிஸ்டம் தகராறு செய்ய ஆரம்பித்தது.

காலையில் போட்டதும் எந்த அரசுத் தளமும் திறக்கவில்லை. இணைப்பு பாதுகாப்பானதல்ல என்று பிரவுசர் சிவப்பாக எச்சரித்தது. யூடியூபும் வரவில்லை, வங்கித் தளமும் வரவில்லை. வைரஸ் என்று நினைத்து ஆன்டிவைரஸை ஓடவிட்டேன், மதியம்வரை ஓடியும் ஒன்றும் அகப்படவில்லை. டவுனிலிருந்து ஒருவரை வரவழைத்தேன். விண்டோஸை அழித்துவிட்டு மறுபடி ஏற்றி, எழுநூறு ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். அன்று முழுக்க நன்றாக ஓடியது. மறுநாள் காலையில் பழைய கதை.

மனு எழுத வரும் பெரியவர் ஒருவர் உண்டு. அந்தக் காலத்தில் தட்டச்சுப் பயிலகத்தில் சொல்லிக்கொடுத்தவர். பக்கத்து நாற்காலியில் காத்திருந்தவர் திரையின் மூலையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏத்தா, இதுல வருசம் 2012ன்னு போட்டுருக்கே, என்ன கணக்கு?"

அதுதான் விஷயம். இணையதளங்கள் ஒவ்வொன்றும் ஒரு சான்றிதழைக் காட்டும். அதில் இன்ன தேதியிலிருந்து இன்ன தேதிவரை செல்லும் என்று எழுதியிருக்கும். பிரவுசர் அதைச் சிஸ்டத்தின் தேதியோடு ஒப்பிடுகிறது. சிஸ்டம் 2012 என்று நம்பிக்கொண்டிருந்தால், அந்தச் சான்றிதழ்கள் எல்லாம் இன்னும் பிறக்கவே இல்லை. வைரஸும் இல்லை, விண்டோஸ் கெட்டதும் இல்லை.

சிஸ்டத்தின் முக்கிய மின்பலகையான மதர்போர்டில் பொத்தான் போல ஒரு செல் இருக்கும், சிஆர்2032. 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். அந்த எண்ணின் பொருளே அதுதான். சுவிட்ச் போர்டில் கரண்ட் இருக்கும்வரை மதர்போர்டின் கடிகாரம் அந்தக் கரண்டில் ஓடும், செல்லுக்கு வேலையில்லை. மெயினை அணைத்துவிட்டால் செல் மட்டும்தான் கடிகாரத்தைக் காப்பாற்றும். இடி மின்னலுக்குப் பயந்து நான் தினமும் இரவு மெயினை அணைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். பகலில் சரியாக ஓடியதும் காலையில் கோளாறு வந்ததும் அதனால்தான். நாற்பது ரூபாய்க்கு ஒரு செல் வாங்கி, பழையதை நகத்தால் நெம்பி எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டேன். சிஸ்டம் போட்டதும் முதலில் ஓடும் அமைப்பான பயாஸில் தேதி வைத்தேன். அதோடு முடிந்தது.

இப்போது என்னிடம் ஒரு மல்டிமீட்டர் இருக்கிறது. புது செல்லில் 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும். 2.8க்குக் கீழே இறங்கிவிட்டால் காத்திருக்காமல் மாற்றிவிடுகிறேன். அன்று செலவழித்த பணத்தைவிட, விண்ணப்பக் கடைசி நாளில் திரும்பிப் போன இரண்டு பிள்ளைகளின் முகம்தான் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு எந்தப் பழுது வந்தாலும் நான் முதலில் பார்ப்பது தேதி, அடுத்தது கரண்ட், அதற்கடுத்தது ஒயரும் முனைகளும். சாஃப்ட்வேரைக் கடைசியில்தான் தொடுவேன்.

கரண்டும் முனைகளும் ஏன் முதலில் என்றால், இது கடற்கரை. அடுப்படியில் கல்லுப்புச் சாடி வேர்ப்பதைக் கவனித்திருப்பீர்கள். சுத்தமான சோடியம் குளோரைடு காற்றில் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் நீரை இழுத்துக் கரையும். கடலுப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அது அதைவிட மிகக் குறைந்த ஈரத்திலேயே கசிய ஆரம்பிக்கும். மதர்போர்டில் படியும் தூசியிலும் அதே உப்புதான் இருக்கிறது. கரண்ட் ஓடும் சிஸ்டம் சூடாக இருப்பதால் காய்ந்தே இருக்கும். பொங்கல் விடுமுறைக்கு நாலு நாள் பூட்டிப்போட்டுவிட்டு வந்து திறந்தால்தான் வம்பு. அதனால் விடுமுறையிலும் தினம் ஒரு மணி நேரமாவது இரண்டு சிஸ்டத்தையும் ஓடவிடுகிறேன். சாடி வேர்த்திருக்கும் நாளில் கேபினெட்டைத் திறப்பதில்லை.

ஒரு நாள் இரண்டாவது சிஸ்டம் திரையில் எதுவும் காட்டாமல் பீப் பீப் என்று கத்தியது. கழற்றிப் பார்த்தால் ராம் என்ற நினைவகப் பட்டையின் தங்க நிற முனைகளில் மங்கலான படலம். மென்மையான அழிரப்பரால் ஒரே திசையில் இரண்டு தடவை தேய்த்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, காயவிட்டு மாட்டினேன். ஓடியது. ரப்பரை அடிக்கடி பயன்படுத்தினால் அந்த மெல்லிய தங்கப்பூச்சு போய்விடும். அதனால் இப்போது ஆல்கஹால் மட்டும்தான். படகு இன்ஜின் பார்க்கும் அண்ணன் ஒருவர், "தங்கச்சி, பேட்டரி முனையில கிரீஸ் வைக்கிற மாதிரி இதுலயும் கொஞ்சம் வச்சு விடு" என்றார். அவர் சொன்னது யுபிஎஸ் பேட்டரிக்குச் சரி. கொஞ்சம் வாசலின் தடவியதில் முனையில் பச்சை பூப்பது நின்றது. ராமில் அப்படி எதையும் தடவக் கூடாது, இடுக்கில் போய் அடைத்துக்கொள்ளும்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்கள் நின்றன. என் சிஸ்டம் இரண்டிலும் இருப்பது மூன்றாம் தலைமுறை இன்டெல் ஐ3 சிப். விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் சிப்புகளைப் பெரும்பாலும் ஏற்பதில்லை, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியையும் கேட்கிறது. ஊராருடைய ஆதாரும் பாஸ்புக்கும் வந்து போகும் இடம் என்பதால் அப்டேட் இல்லாமல் ஓட்ட எனக்கு மனம் வரவில்லை. புதுசாக இரண்டு வாங்கவும் வழியில்லை. சென்னையில் இருக்கும் தம்பி போனில் சொன்னபடி ஒரு பெண்டிரைவில், விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட்டின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை ஏற்றினேன்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பெண்டிரைவிலிருந்தே மின்ட்டை ஓட்டிப் பார்க்கலாம், ஹார்டு டிஸ்க்கைத் தொடவே வேண்டாம். நான் இரண்டு நாள் அப்படியே ஓட்டி, வைஃபை, ஸ்கேனர், பிரிண்டர், சத்தம் என ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதினேன். பிரிண்டருக்குத் தனியாக ஒரு பிளக்இன் இறக்க வேண்டியிருந்தது. மற்றதெல்லாம் சொல்லாமலே வேலை செய்தன. கைரேகைக் கருவிக்கு மட்டும் விண்டோஸ் டிரைவர்தான் இருந்தது. அதனால் முதல் சிஸ்டத்தில் விண்டோஸை ஓர் ஓரமாக வைத்துக்கொண்டு பக்கத்தில் மின்ட்டை ஏற்றினேன். கைரேகைக்கு மட்டும் விண்டோஸைத் திறப்பது, மற்ற நேரம் திறப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். 8 ஜிபி ராமும் 256 ஜிபி எஸ்எஸ்டியும் போட்டதில், இத்தனை வருடம் ஏன் பழைய ஹார்டு டிஸ்க்கோடு மல்லுக்கட்டினோம் என்று தோன்றியது.

முதல் வாரமே மணி மறுபடி தப்பியது. காலை பத்து மணிக்கு விண்டோஸைத் திறந்தால் நாலரை என்றது. செல் புதுசு, மீட்டரும் சரியாகக் காட்டியது. இந்தத் தடவை பதறவில்லை. ஐந்தரை மணி நேர வித்தியாசம் என்பதிலேயே விடை இருந்தது. மதர்போர்டு கடிகாரத்தில் இருப்பதை விண்டோஸ் உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்கிறது. லினக்ஸ் அதை உலகப் பொது நேரமாக எழுதி, இந்தியாவுக்கு ஐந்தரை மணி கூட்டிக் காட்டுகிறது. இரண்டும் ஒரே கடிகாரத்தைத் தன் தன் வழக்கப்படி திருத்திக்கொண்டே இருக்கின்றன. லினக்ஸ் டெர்மினலில் டைம்டேட்சிடிஎல் கட்டளையோடு செட்-லோக்கல்-ஆர்டிசி 1 என்று கொடுத்தால் அதுவும் உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடும். ஒரு சிஸ்டத்தில் இரண்டும் இருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள். மின்ட் மட்டும் இருக்கும் இரண்டாவது சிஸ்டத்தில் நான் இதைத் தொடவில்லை.

கரண்ட் போன கதையையும் சொல்ல வேண்டும். மழையில்லாத மாதங்களில் மின்கம்பப் பீங்கான்களில் உப்பு படிந்துகொண்டே வரும். விடியற்காலைப் பனி இறங்கியதும் அது வழியாகக் கரண்ட் கசிந்து லைன் டிரிப் ஆகும். அப்படி ஒரு காலையில் வேலை நடுவில் போய்விட்டது. யுபிஎஸ் பேட்டரி அதற்கு முன்பே செத்திருந்ததை நான் கவனிக்கவில்லை. கரண்ட் வந்து போட்டால் கறுப்புத் திரை, இனிட்ராம்எஃப்எஸ் என்று ஒரு வரி, லினக்ஸ் முழுதாக எழும் முன்பே நின்றுவிட்டது, அதற்கு மேல் நகரவில்லை. படம் எடுத்து அனுப்பியபோது ஒருவர் ஹார்டு டிஸ்க் போயே போச்சு என்றார். தம்பி மட்டும், "அக்கா, அதுக்கு மேல இருக்கிற வரியைப் படி" என்றான். டிஸ்க்கின் எந்தப் பகுதியில், அதாவது எந்தப் பார்ட்டிஷனில் பிழை என்று அதிலேயே எழுதியிருந்தது: எஸ்டிஏ2. கோப்பு முறையைச் சோதித்துத் திருத்தும் கட்டளையான எஃப்எஸ்சிகே என்று தட்டி, அந்தப் பார்ட்டிஷன் பெயரைக் கொடுத்து, எல்லாக் கேள்விக்கும் ஆம் என்பதற்கான ஒய்யையும் சேர்த்தேன். இரண்டு நிமிடம் ஓடியது. பிறகு எக்ஸிட். டெஸ்க்டாப் வந்துவிட்டது.

இது எப்படி நடக்கிறது என்பதை எங்கள் மாமா மீன் கம்பெனியில் கணக்கு எழுதிய முறையை வைத்துத்தான் நான் புரிந்துகொண்டேன். அவர் வரவு செலவை முதலில் சிட்டையில் குறிப்பார், பிறகுதான் பேரேட்டில் ஏற்றுவார். லினக்ஸின் இஎக்ஸ்டி4 கோப்பு முறையும் செய்யப்போவதை முதலில் ஒரு சிட்டையில் குறித்துக்கொள்கிறது. நடுவில் கரண்ட் போனால், அடுத்த தடவை சிட்டையைப் பார்த்துப் பேரேட்டைச் சரி செய்துகொள்கிறது. பெரும்பாலும் நமக்குத் தெரியாமலே இது நடந்துவிடும். கணக்கு ரொம்பவே இடித்தால்தான் நின்று நம்மைக் கூப்பிடுகிறது.

ஆனால் திரும்பத் திரும்ப அப்படி நின்றால் எஃப்எஸ்சிகே மட்டும் போதாது. இரண்டாவது சிஸ்டத்தில் பதினைந்து நாளில் மூன்று தடவை நின்றது. டிஸ்க்ஸ் என்ற செயலியில், டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் விவரத்தைத் திறந்தேன். வட்டிலேயே சேதம் என்றால் 5-ஆம் எண்ணும் 197-ஆம் எண்ணும் ஏறியிருக்கும். இரண்டும் பூஜ்யம். 199-ஆம் எண், யுடிஎம்ஏ சிஆர்சி பிழை, மட்டும் நூற்றைத் தாண்டியிருந்தது. தகவல் வழியில் கெடுகிறது என்று அர்த்தம், அதாவது டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவில் இருக்கும் சாட்டா கேபிள். கழற்றினால் முனையில் கறுப்பு. புதுக் கேபிள் மாட்டினேன். அந்த எண் குறையாது, பழைய கணக்கு அப்படியே நிற்கும். மேலே ஏறுகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். இதுவரை ஏறவில்லை.

தமிழுக்குத்தான் அதிக நாள் பிடித்தது. கடையில் பத்து வருட மனுக்கள், பத்திர நகல்கள், சங்கத் தீர்மானங்கள் கோப்புகளாக இருந்தன. எல்லாம் பாமினி எழுத்துரு. மின்ட்டில் திறந்தால் 'தமிழ்' என்று இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கிலத்து ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஓர் அரைப்புள்ளி. பாமினி உண்மையில் ஆங்கில எழுத்துக்குத் தமிழ்ச் சட்டை மாட்டிவிடுவதுதான், சட்டை இல்லாத சிஸ்டத்தில் உள்ளே இருப்பது வெளியே தெரிகிறது. எந்தச் சிஸ்டத்திலும் தமிழாகவே தெரியும் குறியீட்டு முறையான யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010-இலேயே தரமாக ஏற்றுக்கொண்டது. இணைய விண்ணப்பங்களில் யூனிகோடில்தான் தட்டச்சு செய்ய முடியும். மாற்றியே ஆக வேண்டும்.

மாற்றும் செயலியில் போட்டபோது இரண்டு இடத்தில் அடிபட்டேன். பாமினியில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு முன்னால் தட்டப்படும், யூனிகோடில் பின்னால் வரும். செயலி இதை இடம் மாற்றித் தர வேண்டும். கொ, கோ, கௌ வரும் பெயர்களில் சில உடைந்துபோயின. அதைவிட ஆபத்து, ஒரே கோப்பில் நடுநடுவே ஆங்கிலத்தில் இருந்த ஈமெயில் முகவரியும் படகுப் பதிவு எண்ணின் எழுத்துகளும். செயலிக்கு அவையும் பாமினிதான் என்று தோன்றி, அவற்றைத் தமிழ் எழுத்துக் குப்பையாக்கிவிட்டது. அதனால் அசல் கோப்பை ஒருபோதும் அழிக்கவில்லை. நகலைத்தான் மாற்றினேன். மாற்றிய ஒவ்வொரு மனுவையும் பழைய அச்சுப்பிரதியோடு வைத்து, பெயர், சர்வே எண், பதிவு எண் மூன்றையும் கண்ணால் ஒப்பிட்டேன். ஒருவருடைய படகின் எண் என் கையால் தவறாகப் போய்விடக் கூடாது.

தட்டச்சுக்கு ஐபஸ் என்ற உள்ளீட்டுச் செயலி, அதனோடு பல மொழி விசைப்பலகைகள் அடங்கிய எம்17என் தொகுப்பு. எனக்குத் தமிழ்99 போதும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்த அந்த விசைப்பலகையில் உயிர் இடப்பக்கம், மெய் வலப்பக்கம். புள்ளியைப் பல இடங்களில் அதுவே வைத்துவிடும். 'மண்டபம்' என்று அடிக்க ம, ண, ட, ப, ம, கடைசியில் ஒரு புள்ளி, ஆறு தட்டுதான். ண-வுக்கும் ட-வுக்கும் நடுவே புள்ளி தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். கீபோர்டு லேஅவுட் பட்டியலிலேயே தமிழ்நெட் 99 என்று ஒன்று இருக்கிறது. முதலில் நான் அதைத்தான் எடுத்தேன், அதில் இந்தத் தானியங்கிப் புள்ளி வராது. லேஅவுட்டை ஆங்கிலத்திலேயே விட்டுவிட்டு, ஐபஸில் தமிழ்99-ஐச் சேர்ப்பதுதான் சரி.

பெரியவருக்கு இதெல்லாம் ஒத்துவரவில்லை. மூன்று நாள் முயன்றுவிட்டு, "நாப்பது வருசமா விரலுக்கு ஒரு இடம் பழகிருச்சுத்தா, இனிமே மாத்தச் சொன்னா எழுத்தே வரமாட்டேங்குது" என்று நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. அவர் இல்லாவிட்டால் வாரிசுச் சான்றுக்கும் பட்டா மாறுதலுக்கும் யார் அவ்வளவு பக்குவமாக எழுதித் தருவார்கள்? எம்17என் பட்டியலை மறுபடி நிதானமாகப் பார்த்தேன். பழைய தட்டச்சுப்பொறி அமைப்பும் அதில் இருந்தது. அவருக்கென்று தனி யூசர் கணக்கு உருவாக்கி, அதில் அந்த அமைப்பை மட்டும் வைத்தேன். பேனல் எழுத்தை நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவில் பதினான்கு அளவுக்குப் பெரிதாக்கினேன். டெஸ்க்டாப்பில் ரைட்டர், அச்சிடு, என் மனுக்கள் என்று மூன்றே மூன்று ஐகான். அவர் உட்கார்ந்து முதல் வரியை அடித்தபோது விரல்கள் தானாக ஓடின. ஒரு சிஸ்டத்தை நம் விருப்பப்படி மாற்றிக்கொள்வது என்றால் கலர் வால்பேப்பர் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

எனக்காக நான் செய்துகொண்ட மாற்றம் ஒன்று தினமும் கை கொடுக்கிறது. விண்ணப்பங்களில் புகைப்படம் 50 கேபிக்குள் என்பார்கள், போனில் எடுத்த படமோ 4 எம்பி இருக்கும். எக்ஸ்எஃப்சிஇ-யின் கோப்பு மேலாளரான துனாரில் எடிட் மெனுவின் கீழ் கஸ்டம் ஆக்‌ஷன்ஸ் என்று இருக்கிறது. அங்கே படங்களை மாற்றும் செயலியான இமேஜ்மேஜிக்கின் கட்டளை ஒன்றை, ஜேபெக் எக்ஸ்டென்ட் 50 கேபி என்ற வரம்போடு எழுதி, 'படத்தைச் சிறிதாக்கு' என்று பெயர் வைத்தேன். படத்தின் மேல் வலது கிளிக், ஒரு கிளிக், புதுப் பெயரில் சிறிய படம் ரெடி. அசல் அப்படியே இருக்கும். வேலை முடிந்ததும் வாடிக்கையாளரின் ஆதார் ஸ்கேன், படம் எல்லாவற்றையும் அவர் முன்னாலேயே அழித்துக் குப்பைத்தொட்டியையும் காலி செய்கிறேன்.

டைம்ஷிஃப்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அது சிஸ்டத்தை முந்தைய நிலைக்குத் திருப்பும், நம் கோப்புகளைப் பொதுவாகத் தொடாது. ஓர் அப்டேட்டுக்குப் பிறகு திரை இருண்டபோது அதுதான் என்னைக் காப்பாற்றியது. மனுக்களுக்குத் தனியாக ஒரு வெளி ஹார்டு டிஸ்க் வைத்திருக்கிறேன். சனிக்கிழமை மாலை நகல் எடுத்ததும் கழற்றி, அரிசிப் பானைக்குப் பக்கத்தில் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்துவிடுவேன். கடையில் வைப்பதில்லை.

ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் ஒரு நாற்பது பக்க நோட்டு மேசை இழுப்பறையில் கிடக்கிறது. தேதி, என்ன தெரிந்தது, என்ன மாற்றினேன், என்ன ஆனது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவேன். கேபிளையும் ராமையும் சேர்த்து மாற்றினால் எது காரணம் என்று கடைசிவரை தெரியாது.

தடைக்காலம் தொடங்கினால் படகுகளைக் கரையேற்றி, அடிப்பலகையைச் சுரண்டி, பெயின்ட் அடிப்பார்கள். நான் அதற்கு ஒரு வாரம் முன்பே, ஏப்ரல் முதல் வாரத்தில், சாடி காய்ந்திருக்கும் நாளாகப் பார்த்து இரண்டு கேபினெட்டையும் திறக்கிறேன். இந்த வருடப் பக்கத்தில் முதல் வரி எழுதியாகிவிட்டது: முதல் சிஸ்டம், செல் 2.9, அடுத்த முறை மாற்ற வேண்டும்.